ஒரே ஊரில் மூன்று விலாசம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் சிங்கப்பூர் போய் வந்த இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். ஒருவர், "பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாது, பேச ஆள் கிடையாது, வயதானவர்கள் போனால் பைத்தியம் பிடித்துவிடும்" என்கிறார். இன்னொருவர், "மதுரை விளக்குத்தூண் பக்கம் நடப்பது போலத்தான் இருந்தது, இரண்டு எட்டு வைத்தால் தமிழ்க் குரல்" என்கிறார். எங்கள் டீக்கடையில் இதை வைத்துக் காலையில் ஒரு பட்டிமன்றமே நடந்துவிட்டது. அங்கே இருந்துவிட்டு வந்தவன் என்பதால் எது உண்மை என்று என்னைக் கேட்டார்கள். இரண்டும் உண்மை. முதலாமவர் பொங்கோல் மாதிரி ஒரு புதுப் பேட்டையில் தங்கியிருப்பார், அடுத்தவர் 'லிட்டில் இந்தியா' என்கிற தேக்காவில். எந்தப் பேட்டையில் இருந்தோம் என்பதை இருவருமே எழுதவில்லை. எனக்கு உறுத்தியது அதுதான்.

நான் ஓய்வுபெற்ற தபால்காரன். 34 வருடம் காக்கிச் சட்டை போட்டவன். அதில் பாதிக்கு மேல் மாசி வீதிகளிலும் அவற்றை ஒட்டிய சந்துகளிலும் சைக்கிள் மிதித்தவன். ஊர்ப் பெயர் இருந்து தெருப் பெயர் இல்லாத கடிதம் எங்களுக்கு அரைக் கடிதம். ஊரைப் பற்றிப் பேசுகிறவர்களும் எனக்கு அப்படித்தான் தெரிகிறார்கள். எழுகடல் தெருவில் மூன்று நாள் தங்கியவர் சொல்லும் மதுரையும் கே.கே. நகரில் தங்கியவர் சொல்லும் மதுரையும் ஒன்றாகவா இருக்கும்?

மகளின் பிரசவத்துக்காக நீண்டகால வருகை அட்டை வாங்கி நானும் மனைவியும் போனோம். மூன்று மாதம் என்று போனது 22 மாதமாயிற்று. அதற்குள் மூன்று வீடு. மகள் அங்கே வாடகைக்கு இருப்பவள். ஒப்பந்தம் முடிந்தால் வீட்டுக்காரர் வாடகையை ஏற்றுவார், இல்லை வீட்டையே விற்பார். நாம் பெட்டி கட்ட வேண்டியதுதான். அந்த விஷயத்தில் சிம்மக்கல்லுக்கும் சிங்கப்பூருக்கும் வித்தியாசம் கிடையாது.

முதல் வீடு தேக்கா சந்தைக்குப் பக்கத்தில், 9-வது மாடி. வெளிநாடு வந்திருக்கிறோம் என்ற பயமே முதல் நாள் மனைவிக்கு இல்லை. கீழே இறங்கினால் முருங்கைக் கீரை, வாழைப்பூ, சுண்டைக்காய். ஆட்டுக்கறிக் கடையில் நம்ம ஊர்க்காரர் கத்தி தீட்டிக்கொண்டு, "அம்மா, தொடைக்கறி வேணுமா?" என்கிறார். அங்கே இதை ஈரச்சந்தை என்கிறார்கள். தரையை ஓயாமல் கழுவிக்கொண்டே இருப்பதால் ஈரம் காய்வதில்லை, பெயர் பொருத்தம்தான். பஃபலோ ரோட்டில் பூக்கடைகள் உண்டு. மனைவி ஒரு சரத்தை எடுத்து மோந்து பார்த்துவிட்டு, முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு, "மல்லிதான், ஆனா நம்ம மல்லி இல்லை" என்றாள். அப்புறம் விலையை ரூபாயாக மாற்றிப் பார்த்தாள். ஒரு வெள்ளி அப்போது 60 ரூபாய்க்கு மேல். (அங்கே டாலர் என்று தமிழர்கள் சொல்வதில்லை, வெள்ளி என்பார்கள்.) சரத்தைத் திரும்ப வைத்துவிட்டாள். இரண்டாவது வாரம் வாங்கினாள். பழகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை தேக்காவைப் பார்க்காதவர் தேக்காவைப் பார்த்ததாகச் சொல்லக் கூடாது. கட்டுமான வேலையிலும் கப்பல் பட்டறையிலும் இருக்கும் பிள்ளைகள் தீவின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். சிவகங்கை, புதுக்கோட்டை, திருவாரூர் என்று பேச்சை வைத்தே ஊரைச் சொல்லிவிடுவேன். பாதிக்குப் பாதி வங்கதேசத்துப் பிள்ளைகள். சிராங்கூன் ரோட்டின் நடைபாதையில் தோள் இடிக்காமல் நடக்க முடியாது. சித்திரைத் திருவிழா சமயம் வெளி வீதியில் நடக்கிற மாதிரி.

அப்படி ஒரு ஞாயிறு, ஊருக்குச் சாமான் அனுப்பும் கார்கோ கடையில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் மேலூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன். அட்டைப் பெட்டிக்குள் பிஸ்கட் டின், இரண்டு போர்வை, ஒரு டஜன் கோடாலித் தைலம். விலாசம் எழுதும் இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு திகைத்து நிற்கிறான். "மந்தைக்குப் பக்கத்துல, கருப்பு கோயிலுக்கு எதிர்ச் சந்து. இதை எப்படிங்க எழுதுறது?" என்று கடைக்காரரைக் கேட்கிறான். கடைக்காரருக்கு ஆயிரம் வேலை. நான் பெட்டியை என் பக்கம் இழுத்து, அப்பா பெயர், தெரு, அஞ்சல், தாலுகா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினேன். பின்கோடு தெரியவில்லை என்றான். மேலூர் என்றால் 625106 என்று என் வாய் தானாகச் சொல்லிற்று. பையன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "தபால்காரரா?" என்றான். அடுத்த ஞாயிறு அவனோடு இன்னும் நான்கு பேர். அதற்கடுத்த ஞாயிறு மனைவி எனக்கு மூக்குக் கண்ணாடித் துணியும் இரண்டு பேனாவும் எடுத்து வைத்தாள். அந்தக் கடை வாசலில் நான் எழுதிக் கொடுத்த விலாசங்களில் பத்துக்கு எட்டில் வீட்டு எண் கிடையாது. எண் இல்லாத ஊரிலிருந்து வந்தவர்கள், எண் இல்லாமல் ஒன்றும் நடக்காத ஊரில் உழைத்துக்கொண்டிருந்தார்கள்.

பொங்கலுக்கு கேம்பல் லேன் பக்கம் மாடுகளைக் கொண்டுவந்து கட்டியிருந்தார்கள். பிள்ளைகள் வரிசையில் நின்று மாட்டைப் பார்க்கிறார்கள். பாலமேட்டையும் அலங்காநல்லூரையும் பார்த்து வளர்ந்தவனுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். மாடும் என்னை மாதிரியே கொஞ்சம் கூச்சத்தோடுதான் நின்றது.

மார்ச்சில் பொங்கோலுக்கு மாறினோம். தேக்காவில் ஏறிய அதே ஊதாத் தடத்து ரயில், நேராக வடகிழக்கில் கொண்டுபோய் இறக்கிவிட்டது. 2003-இல் திறந்த தடம், ரயிலில் ஓட்டுநரே கிடையாது. அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஆனால் ஏறிய ஊர் வேறு, இறங்கிய ஊர் வேறு. ஒரு காலத்தில் பன்றிப் பண்ணையும் கோழிப் பண்ணையுமாக இருந்த இடம் என்று சொன்னார்கள், நம்ப முடியாது. எல்லாம் புதுக் கட்டடம். நடுவே 4.2 கிலோமீட்டருக்கு வெட்டிவிட்ட நீர்வழி, இருபுறமும் நடைபாதை, செடி கொடி. வைகைக்கரையில் பிறந்தவன் அந்தத் தண்ணீரைப் பார்த்துப் பெருமூச்சு விடாமல் இருக்க முடியுமா? வெட்டிய வாய்க்காலில் தண்ணீர் நிற்கிறது. நம் ஆற்றில்... சரி, அதற்குத் தனிக் கடிதம் எழுத வேண்டும்.

பிரச்சினை அழகில் இல்லை. பகல் 11 மணிக்குக் கீழே இறங்கினால் பணிப்பெண்களும் தள்ளுவண்டிக் குழந்தைகளும்தான். எல்லாரும் இளம் தம்பதிகள், காலையில் ஓடினால் இரவுதான் திரும்புவார்கள். லிஃப்டில் பார்த்தால் சிரிப்பார்கள், அவ்வளவுதான். முதல் மாதம் மனைவி ஜன்னலருகே உட்கார்ந்து எதிர் புளோக்கில் (அடுக்குமாடிக் கட்டடத்தை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள்) எத்தனை வீட்டில் துணி காய்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தாள். தேக்காவில் கால் கிலோ வெங்காயம் வாங்கப் போனவள் திரும்ப ஒன்றரை மணி நேரம் ஆகும். இங்கே வெங்காயம் பேரங்காடியில் பையில் கட்டியே இருக்கும். எடுத்து, இயந்திரத்தில் காட்டி, காசைத் தட்டிவிட்டு வந்துவிடலாம், வாயைத் திறக்க வேண்டாம். அவள் அப்போது எழுதியிருந்தால் உங்கள் முதல் வாசகரைவிடக் காரமாக எழுதியிருப்பாள்.

எனக்கு அங்கே பொழுது போனது தபாலால். அந்த நாட்டு அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய வீடுகளில் தரைத்தளம் பெரும்பாலும் வெறும் வெளியாக இருக்கும். சுவர் கிடையாது, தூண்கள் மட்டும். 'வாய்ட் டெக்' என்கிறார்கள். அங்கே ஓர் ஓரமாக இரும்புத் தபால் பெட்டிகள், அந்த புளோக்கில் உள்ள எல்லா வீட்டுக்கும். மத்தியானம் தபால்காரர் வருவார். தபால்காரர் ஒரு பெட்டியிலும் தனித்தனியாகக் கடிதம் போடுவதில்லை. கையில் ஒரு சாவி. பெட்டி வரிசையின் முகப்பு மொத்தமும் அலமாரிக் கதவு மாதிரி திறந்துகொள்ளும். மாடி வாரியாக அடுக்கி வந்த கட்டை இடது கையில் வைத்து, வலது கட்டைவிரலால் தள்ளித் தள்ளி, டக் டக்கென்று அறைகளில் விடுவார். நூற்றுக்கும் மேற்பட்ட வீடு, பத்து நிமிடம். கதவைச் சாத்திப் பூட்டிவிட்டு அடுத்த புளோக். மாடி ஏற்றம் இல்லை, நாய் இல்லை, "சார், வாங்க, தண்ணி குடிங்க"வும் இல்லை.

ஒரு வாரம் தள்ளி நின்று பார்த்தேன். எட்டாவது நாள் அவரே, "அங்கிள், லெட்டர் காணவில்லையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். மலாய்க்காரர், நாற்பது வயதிருக்கும். நான் என் வலது கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். ரப்பர் உறை மாட்டி மாட்டி நகத்துக்குக் கீழே தழும்பு மாதிரி ஒரு கோடு விழுந்திருக்கிறது. அவர் தன் கட்டைவிரலைப் பார்த்தார், என் விரலைப் பார்த்தார், சிரித்துவிட்டார். அன்றிலிருந்து அவர் வரும் நேரத்துக்கு நான் கீழே இருப்பேன். என் ஆங்கிலம் தபால் ஆபீஸ் ஆங்கிலம், அதற்கு அது போதும்.

அவர்தான் அந்த ஊர் விலாசக் கணக்கைச் சொல்லிக் கொடுத்தார். 1995-இல் அங்கே 6 இலக்கப் பின்கோடு வந்தது. நம்மிடமும் 6 இலக்கம்தான், 1972 ஆகஸ்ட் 15 முதல். நம் 6 இலக்கம் ஒரு தபால் நிலையத்தின் எல்லையைக் காட்டும். 625001 என்றால் அதற்குள் எத்தனை வீதி, எத்தனை சந்து! அங்கே 6 இலக்கமும் ஒரே ஒரு கட்டடத்துக்கு. முதல் இரண்டு எண் வட்டாரம். தேக்காவில் எங்களுக்கு 21, பொங்கோலில் 82, பிற்பாடு தோ பாயோவில் 31. கடைசி மூன்று எண் பெரும்பாலும் அந்த புளோக்கின் எண்ணேதான். அந்த எண்ணைக் கட்டடத்தின் பக்கச் சுவரில் ஆள் உயரத்துக்கு எழுதிவைத்திருப்பார்கள். வீட்டு எண்ணில் முதல் இரண்டு இலக்கம் மாடி. இதைத் தெரிந்துகொண்ட பிறகு மூன்று பேட்டையிலும் நான் ஒரு முறைகூட வழி கேட்கவில்லை. பாஷை தெரியாத டாக்ஸிக்காரரிடம் 6 எண்ணை ஒவ்வொன்றாகச் சொன்னால் வீட்டு வாசலில் இறக்கிவிடுவார். நான் ஊர் சுற்றியது அந்தத் தைரியத்தில்தான்.

மனைவி விஷயத்துக்கு வருகிறேன். ஐந்தாவது மாதம், எங்கள் தளத்து நடைவழியில் கடைசி வீட்டு மலாய் அம்மா தொட்டியில் கறிவேப்பிலை வளர்ப்பதைக் கண்டுபிடித்தாள். அவர் ஒரு கொத்து ஒடித்துக் கொடுத்தார். இவள் மறுநாள் பருப்பு வடை கொண்டுபோய்க் கொடுத்தாள். கிண்ணம் காலியாகத் திரும்பவில்லை, பாண்டான் இலையோடு வந்தது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் இவள் இரண்டு நாள் தண்ணீரில் போட்டு வைத்திருந்தாள். ஒருத்திக்குத் தமிழ் தெரியாது, ஒருத்திக்கு மலாய் தெரியாது. ஆனாலும் எங்கள் பேத்திக்கு வயிற்று உப்புசம் வந்த அன்று கதவைத் தட்டியது அந்த அம்மாதான். 1989-லிருந்து அங்கே ஒரு சட்டம் உண்டு. ஒவ்வொரு புளோக்கிலும் சீனர் இவ்வளவு, மலாய்க்காரர் இவ்வளவு, இந்தியர் மற்றவர் இவ்வளவு என்று வரம்பு. ஒரே இனத்தார் ஒரே இடத்தில் குவியக் கூடாதாம். சட்டத்தால் பக்கத்து வீட்டில் குடிவைக்கலாம். கறிவேப்பிலையைச் சட்டம் கொடுக்காது. ஐந்து மாதம் ஆயிற்றே என்பது என் வருத்தம். வடக்கு மாசி வீதிப் பக்கம் எங்கள் காம்பவுண்டில் ஐந்து நிமிடத்தில் நடந்திருக்கும். கேட்காமலே குழம்பில் உப்பு சரியில்லை என்றும் சொல்லியிருப்பார்கள்.

வருடம் முடிந்தது. மகளுக்கு வேலை நொவீனா பக்கம், கைக்குழந்தையோடு அலைச்சல் என்று தோ பாயோவுக்கு மாறினோம். ஆறு மாதம். மூன்றில் எனக்குப் பிடித்தது இதுதான். கிழவர்களின் ஊர் என்று வைத்துக்கொள்ளுங்களேன். 1960-களில் கட்ட ஆரம்பித்த பேட்டை. அப்போது குடிவந்தவர்கள் அங்கேயே நரைத்துவிட்டார்கள். 1987 நவம்பரில் அந்த நாட்டில் முதன்முதலாக எம்.ஆர்.டி. என்கிற நகர ரயில் ஓடிய தடத்தின் ஒரு முனை தோ பாயோ. இப்போது பார்த்தால் நம் ரயில்வே காலனி மாதிரி ஒரு களைப்பும் நிதானமும். பெயருக்குப் பெரிய சதுப்பு நிலம் என்று அர்த்தமாம். தெருக்களுக்கு லோரோங் 1, லோரோங் 2 என்று பெயர். லோரோங் என்றால் மலாயில் சந்து. எண் போட்ட சந்துகள்! தபால்காரனுக்கு வேறென்ன வேண்டும்?

காலை 7 மணிக்கு உணவங்காடியில் சீனக் கிழவர்கள் கோப்பியோடு உட்கார்ந்துவிடுவார்கள். ஒரே மேசை, ஒரே ஆட்கள், ஒரே வம்பு. பாஷை தெரியாவிட்டாலும் அது வம்பு என்று தெரியும். மகன் வரவில்லை, மருமகள் சரியில்லை, முட்டி வலி என்பதெல்லாம் எந்த பாஷையிலும் ஒரே முகபாவம்தான். நான் பக்கத்து மேசையில் இஞ்சித் தேநீர் குடிப்பேன். மூன்றாவது வாரம் ஒருவர் நாற்காலியை நகர்த்திக் காட்டினார். பேத்தியைத் தள்ளிக்கொண்டு லோரோங் 6-இல் இருக்கும் டிராகன் விளையாட்டிடத்துக்குப் போவேன். 1979-இல் கட்டியதாம், சின்னச் சின்ன ஓடு பதித்த தலை, கீழே மணல். குழந்தை டிராகனைச் சட்டை செய்யவில்லை, மணலை அள்ளித் தின்னப் பார்த்தது.

அங்கேதான் ஒரு பெரியவரைச் சந்தித்தேன். சிவகங்கைப் பக்கத்துக்காரர், எண்பதைத் தாண்டியவர். சிறு பையனாக நாகப்பட்டினத்திலிருந்து ரஜுலா கப்பலில் வந்தவர். என் நெற்றியைப் பார்த்து, "பசியாறியாச்சா?" என்றார். அங்கே காலைச் சாப்பாட்டுக்கு அப்படித்தான் கேட்கிறார்கள். எவ்வளவு நல்ல வார்த்தை! நாம் 'டிபன்' என்று சொல்லித் தொலைத்துவிட்டோம். மதுரை என்றதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "ஸ்டேஷனுக்கு எதிர்ல மங்கம்மா சத்திரம் இருக்கா?" இருக்கிறது என்றேன். "எந்தப் பக்கத்து வாசல் இப்ப தொறந்திருக்கும்?" என்றார். கப்பலேறப் போகும்போது அப்பாவோடு ஒரு ராத்திரி அங்கே படுத்திருந்தாராம். அவருடைய மதுரை அந்த ஒரு ராத்திரி, ஒரு திண்ணை, ஒரு வாசல்தான். பிறகு தினமும் ஒரு வீதி கேட்பார், நான் சொல்வேன். ஆவணி மூல வீதியை முடிக்க எங்களுக்குப் பத்து நாள் ஆயிற்று.

இப்போது மனைவியைக் கேட்டால் "தேக்காதான் ஊர்" என்பாள். மகளுக்குப் பொங்கோல்தான் வசதி. மருமகன் எங்கே இருந்தாலும் போனுக்குள்தான் இருப்பார், அவரைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

இதெல்லாம் எதற்கு இவ்வளவு நீளமாக என்றால், ஊர் திரும்பிய பிறகு நான்காவது முறையாகப் பேட்டை மாறினேன். 29 வருடம் வாடகைக்கு இருந்த காம்பவுண்டை இடிக்கிறார்கள் என்று முன்பே தெரியும். ஓய்வுப் பணத்தில் ஊருக்கு வடக்கே, அலங்காநல்லூர் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இடம் வாங்கியிருந்தோம். நாங்கள் சிங்கப்பூரில் இருந்தபோது மகன் வீட்டைக் கட்டி முடித்துவிட்டான். நல்ல வீடு, காற்று வருகிறது, போர் தண்ணீர் கொஞ்சம் உப்பு.

ஆனால் விலாசம் இல்லை. எங்கள் நகரில் 'முதல் தெரு' என்று மூன்று தெரு இருக்கிறது, ஒவ்வொரு மனைப்பிரிவு போட்டவரும் முதலிலிருந்து எண்ணியதால். என் வீட்டுக்கு மனை எண் ஒன்று, வரி ரசீதில் ஒன்று, கரண்டு கார்டில் ஒன்று. முனையில் பெயர்ப் பலகை கிடையாது. கேஸ் சிலிண்டர்காரர் முதல் கூரியர் பையன் வரை எல்லாருக்கும் நாங்கள் சொல்வது, "தண்ணித் தொட்டிக்கு வந்து போன் பண்ணுங்க." எங்கள் பீட்டுக்கு (தபால் சுற்றுக்கு) வரும் தபால்காரப் பெண்ணுக்கு என் மகள் வயது. வெயிலில் நின்று போனில் கத்திக்கொண்டிருக்கிறார். ஒரு தபால்காரனுக்கு இதைவிட என்ன அவமானம்?

மாசி வீதியில் நான் இப்படிக் கஷ்டப்பட்டதில்லை. கோயிலை நடுவில் வைத்து ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று சுற்றுச் சுற்றாகப் போட்ட ஊர். கீழ, மேல, வடக்கு, தெற்கு என்று விலாசத்திலேயே திசை இருக்கும். பழைய எண், புதிய எண் குழப்பம் உண்டுதான், அதை நாங்கள் மனப்பாடமாக வைத்திருந்தோம். போன நூற்றாண்டுகளில் போட்ட வீதியில் வீடு கிடைக்கிறது, போன வருடம் போட்ட நகரில் கிடைக்கவில்லை.

இதைக் கூரியரோடு விட்டிருப்பேன். ஆனி மாதம் ஒரு ராத்திரி எதிர்வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலி. ஆம்புலன்ஸ் மெயின் ரோட்டுக்குச் சீக்கிரமே வந்துவிட்டது. உள்ளே எந்த முதல் தெரு என்று தெரியாமல் இரண்டு முதல் தெருவைச் சுற்றியது. அதன் சைரன் ஒரு பக்கம் கேட்டுத் தேய்ந்து, மறுபடி வேறு பக்கம் கேட்டது. நான் கைலியோடு முனைக்கு ஓடி டார்ச்சை ஆட்டிக்கொண்டு நின்றேன். ஓட்டுநர் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆள் பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்தப் பன்னிரண்டு நிமிடம் அவர் மனைவியின் முகத்தைப் பார்த்தவன் நான்.

2025-இல் எங்கள் இலாகா டிஜிபின் என்று ஒன்று கொண்டுவந்திருக்கிறது. எழுத்தும் எண்ணும் கலந்த 10 இடக் குறியீடு. 4 மீட்டருக்கு 4 மீட்டர் சதுரம் ஒவ்வொன்றுக்கும் ஒன்று. நல்ல ஏற்பாடு, நான் என்னுடையதை எடுத்து வைத்திருக்கிறேன். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு யார் பத்து இடத்தையும் ஒப்பிப்பது? தெரு முனையில் ஒரு பலகை, வாசல் தூணில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் எண், அது போதும்.

சரி, மற்றவர்களைக் குறை சொல்வதற்கு முன்னால் நம் கையில் இருப்பதைச் செய்வோம் என்று எனாமல் பெயின்ட் ஒரு டப்பா வாங்கி, வரி ரசீது எண்ணையே எல்லாருக்கும் ஒரே எண்ணாக வைத்துக்கொள்வோம் என்று எங்கள் தெருவில் வீடு வீடாகப் போனேன். 38 வீடு. 31 பேர் எழுதச் சொன்னார்கள், காப்பியும் கொடுத்தார்கள். நான்கு பேர் வீட்டில் இல்லை. இரண்டு பேர் புது பெயின்ட் அடித்த தூண் கெட்டுவிடும் என்றார்கள். ஒருவருக்கு எண் 17. கூட்டினால் 8 வருகிறது, எழுதவே கூடாது என்று கேட்டைச் சாத்திவிட்டார். "சார், சிங்கப்பூர்ல சீனர்கள் 8 இருந்தால் கூடுதல் காசு கொடுத்து வாங்குறாங்க, 4 என்றால்தான் ஓடுறாங்க" என்று கேட்டுக்கு வெளியே நின்று சொல்லிப் பார்த்தேன். அப்படியானால் 16-A என்று எழுதுங்கள் என்றார். பக்கத்து வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தப் பேச்சுவார்த்தை இன்னும் நடக்கிறது.

மற்ற இரண்டு முதல் தெருக்காரர்களும் இந்தக் கடிதத்தைப் படித்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து யார் முதல், யார் இரண்டு, யார் மூன்று என்று பேசி முடித்துவிடலாம். நாங்கள் மூன்றாம் தெருவாக இருக்கத் தயார். பலகைக்குத் தகரமும் பெயின்ட்டும் என் செலவு, எழுத்தும் நானே எழுதித் தருகிறேன். மற்ற புதிய நகர்களில் இருக்கும் ஓய்வுபெற்ற தபால்காரர்கள் யாராவது இதே வேலையில் இறங்கினால் எனக்கு எழுதுங்கள். எண் எழுத எந்த பிரஷ் நல்லது என்று சொல்கிறேன்.

கடிதம் எழுதுகிறவர் முழு விலாசமும் தர வேண்டும் என்று உங்கள் பக்கத்தில் போட்டிருக்கிறீர்கள். தனித்தாளில் இணைத்திருக்கிறேன். சரிபார்க்க யாரையாவது அனுப்புவதாக இருந்தால், தயவுசெய்து தண்ணித் தொட்டிக்கு வந்து போன் பண்ணச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால்காரர்,
முதல் தெரு (மூன்றில் ஒன்று), மதுரை.